திரையும் கரையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீனினம் பெருகட்டும் என்று அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. படகுகள் பழுது பார்க்கப்படும், வலைகள் சீராக்கப்படும், பொழுது சாய்ந்ததும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வீடு சந்திக்கச் செல்லும் பங்குத்தந்தைக்கு அந்நாள்களில் தொலைக்காட்சிக்கு எதிரேதான் நாற்காலி போடப்படும். படம் பாதி ஓடியிருக்கும். "இருங்க சாமி, முடியப்போவுது" என்பார்கள். நாமும் இருந்துவிடுவோம். இத்தனை ஆண்டுப் பங்குப் பணியில் நாம் பார்த்த படங்களுள் பெரும்பாலானவை இப்படிப் பாதியிலிருந்து பார்க்கப்பட்டவையே. முற்பாதியைப் பிள்ளைகள் கதையாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இது திறனாய்வு அன்று. திரைக்கலையின் நுட்பங்கள் அறியாத ஒரு பார்வையாளரின் மனத்தில் பட்டவை மட்டுமே இங்கு எழுதப்படுகின்றன.

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இல் திரைப்படங்களைக் குறித்தே ஒரு சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையேட்டை வெளியிட்டது. குருமடத்தில் இவற்றைக் கற்றவர்களிடம் மக்கள் கேட்கக்கூடிய கேள்வி, "இதைப் பார்க்கலாமா?" என்பதாக இருக்கும் என்று எவரும் எண்ணுவர். நம் கடற்கரையில் அக்கேள்வி அரிதாகவே எழுகிறது. இங்கே கேட்கப்படுவது வேறு: "இது நம்மளப் பத்தித்தானா சாமி?"

இக்கேள்வி புதிதன்று. தொலைக்காட்சி நம்மில் பலருக்குக் கடல் கடந்தே அறிமுகமாயிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய பின், உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனா கட்டி, வெள்ளைப் புள்ளிகளுக்கிடையே சிங்களம் பேசும் முகங்களைப் பார்த்த தலைமுறை நம்முடையது. மொழி விளங்காது. எனினும் ஒரு தென்னந்தோப்போ, கரையில் இழுத்து வைத்த ஒரு வள்ளமோ தெரிந்துவிட்டால் கூட்டத்தில் ஒரு மகிழ்ச்சி எழும். அயலார் திரையில் நமக்குத் தெரிந்ததைத் தேடும் பழக்கம் அன்று தொடங்கியதுதான்.

பின்னர்த் தமிழ்த் திரை நம் கரைக்கே வந்தது. 2012 நவம்பரில் சீனு ராமசாமி இயக்கிய 'நீர்ப்பறவை'யும், 2013 பிப்ரவரியில் மணிரத்னம் இயக்கிய 'கடல்' படமும் வெளிவந்தன. மணப்பாட்டுக் கரையை இரண்டிலும் கண்டோம். மணல் மேட்டில் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பெரிய திரையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது என்பதை மறைப்பானேன்? 1581இல் எழுந்த கோயில் அது. ஏழு கடல் தாண்டி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

'கடல்' வெளிவந்தபோது கிறிஸ்தவர் மனம் புண்படுகிறது என்று சில அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பங்கிலும் நம்மிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் அரவிந்த்சாமி ஏற்ற அருட்தந்தை சாம் பெர்னாண்டோ, கைவிடப்பட்டுக் கிடக்கும் ஆலயத்துக்கு வருகிறார்; ஏளனம் செய்யும் ஊரில் ஒரு அநாதைச் சிறுவனை அரவணைக்கிறார்; பழி சுமந்து சிறை செல்கிறார். அங்கியை இழிவுபடுத்தியதாக நமக்குத் தோன்றவில்லை. அவர் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவர். நமக்கு உறுத்தியது வேறொன்று. அவ்வூர் மக்கள் எப்போது பார்த்தாலும் ஒரு கும்பலாக நிற்கிறார்கள். சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், மனம் மாறி அழுகிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனார்கள், என்ன பாடு கிடைத்தது, யாரிடம் விற்றார்கள் என்று படம் முடிந்த பிறகும் நமக்குத் தெரியாது. கடலின் பெயரைத் தாங்கிய படத்தில் வில்லனின் கடத்தல் தொழில் நினைவில் நிற்கிறது, மீன்தொழில் நிற்கவில்லை. அதே 2013இல் வந்த 'சிங்கம் 2' தூத்துக்குடியைக் களமாகக் கொண்டது. துறைமுகம் என்றாலே போதைப் பொருள் இறங்கும் இடம் என்று உலகுக்குச் சொல்லிவிட்டுப் போனது. உப்பும் உரமும் நிலக்கரியும் ஏற்றி இறக்கும் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் அதைக் கைதட்டிப் பார்த்தன. கைதட்டிய பிறகு ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்: "நாங்க எறக்குன மூட்டையில ஒண்ணையாவது காட்டக் கூடாதா சாமி?"

2025இல் வந்த 'கிங்ஸ்டன்' கடலுக்குள் பேய்களை வைத்தது. சிறுவர்கள் மிகவும் விரும்பினார்கள். சிறுவர் விருப்பத்தில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆயினும் திரை நம் கடலுக்கு வரும்போதெல்லாம் புயலையோ, கடத்தலையோ, பேயையோ, பிணத்தையோதான் தேடி வருகிறது என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் வலுப்பட்டது.

பிணம் என்று சொன்னதும் 'நீர்ப்பறவை'யைத் தனியே சொல்ல வேண்டும். அதில் எஸ்தர் என்ற பெண், கடலில் சுட்டுக் கொல்லப்பட்ட தன் கணவனின் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டுப் பல ஆண்டுகள் கடலைப் பார்த்தபடி வாழ்கிறாள். உண்மை வெளிப்பட்டபோது, ஏன் அப்போதே தெரிவிக்கவில்லை என்று அவளிடம் கேட்கப்படுகிறது. இந்தப் படத்தைப் பாதியிலிருந்து நாம் பார்க்கவில்லை, முழுவதும் பார்த்தோம். குடிகாரனாகத் திரியும் அவள் கணவன் திருந்திச் சொந்தப் படகு வேண்டும் என்று உழைப்பதும், படகு கட்டும் இஸ்லாமியப் பெரியவர் உதுமான் கனி அவனுக்குக் கை கொடுப்பதும் நம் கரைகளில் நாம் கண்ட உறவுகளே. கதையின் பிற்பாதி சற்றே நீளம். பாடல்களும் ஒன்றிரண்டு குறைந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் ஒரு கல்லறையோடு வாழ்ந்த அந்தப் பெண்ணை நம் மக்கள் மிகைப்படுத்தல் என்று சொல்லவில்லை.

காரணம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. கரை திரும்பாதவர்களுக்காகக் குமரிக் கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. உடல் கிடைத்தவர் அழுதார்கள். கிடைக்காதவர்களுக்கு அழுவதற்கும் அனுமதி இல்லாதது போலிருந்தது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரையே இறந்தவராகக் கொள்வது சட்டத்தின் பொதுவான முறை. ஓர் இல்லத்தரசி அத்தனை ஆண்டுகள் மனைவியா, கைம்பெண்ணா? திருச்சபையின் அடக்கச் சடங்கில் உடலுக்குத் தூபம் காட்டுகிறோம், தீர்த்தம் தெளிக்கிறோம், மண் இடுகிறோம். உடலே இல்லாத வீட்டில் குரு எதன்மீது தீர்த்தம் தெளிப்பார்? ஒரு நிழற்படத்தின் முன் திருப்பலி நிறைவேற்றியவர்களுக்கே அந்தக் கனம் தெரியும். எஸ்தருக்கு ஓர் உடலாவது கிடைத்தது என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார். திரைப்படத்தைப் பற்றி இதைவிட உண்மையான ஒரு சொல்லை நாம் கேட்டதில்லை.

எனவே, திரை நம் சாவைப் பார்த்துவிட்டது, நன்றி சொல்வோம். நம் உழைப்பைப் பார்த்ததா என்பதே நம் கேள்வி.

பார்க்க முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 2024 ஆகஸ்டில் வந்த மாரி செல்வராஜின் 'வாழை' தாமிரபரணிப் பாசன ஊர்களின் கதை. பள்ளிச் சிறுவன் ஒருவன் விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கிறான். கழுத்து வலிக்கிறது. சுமக்க மனமில்லாமல் சாக்குச் சொல்லி ஒளிகிறான். தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாயாக உயர்த்தக் கேட்கிறார்கள். அந்த ஒரு ரூபாய்க்காக மறுபக்கம் செய்யும் சிக்கனம், தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆள்களையும் ஏற்றுகிறது, லாரி கவிழ்கிறது. இப்படத்தை நாம் மீனவர்களோடு அமர்ந்து பார்த்தோம். வாழைத்தோட்டம் அவர்களுக்கு அந்நியம். ஆனால் கூலிப் பேச்சு வந்த இடத்தில் அறை அமைதியானது. ஒரு ரூபாய் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

நம் கரையின் ஒரு ரூபாய் ஏலக்கூடத்தில் இருக்கிறது. விடியலில் மீன் கூடை மணலில் கவிழ்கிறது. ஏலம் கூறுபவர் குரல் உயர்கிறது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் தந்தவரிடமே மீனைக் கொடுத்தாக வேண்டிய கட்டு பலருக்கு உண்டு. விலையை அவர் சொல்வார். தரகையும் அவரே கழிப்பார். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதைப் பங்கு வைப்பார்கள். புயல் எப்போதோ வருகிறது. இந்த ஏலம் நாள்தோறும் வருகிறது. நம் குடும்பங்களை மூழ்கடித்தவை இரண்டும்தாம்.

இதைத் திரையில் காட்டியவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1948இல் சிசிலித் தீவின் ஆச்சி திரேட்சா என்ற மீனவ ஊருக்குச் சென்று, அவ்வூர் மக்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சு மொழியிலேயே ஒரு படம் எடுத்தார். 'நிலம் நடுங்குகிறது' என்பது அதன் பெயரின் பொருள். மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து தப்ப ஒரு குடும்பம் வீட்டை அடகு வைத்துத் தனியே தொழில் செய்கிறது. புயலில் படகு சிதைகிறது. மீண்டும் அதே வியாபாரிகளிடம் வேலை கேட்டு நிற்கிறது. அதில் புயலைவிட அந்தக் கடைசி நிற்றல்தான் கொடியது. 2022இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற 'கோடா' என்ற அமெரிக்கப் படத்தில் செவித்திறனற்ற ஒரு மீனவக் குடும்பம், மீனுக்கு நியாய விலை கிடைக்காததால் தாமே விற்கத் துணிகிறது. பாஷை தெரியாத நம் மக்களுக்கும் அந்தச் சண்டை விளங்கும்.

இனி, சின்னத்திரை. அன்பியக் கூட்டத்துக்கும் மாலைச் செபமாலைக்கும் தொடர்கள் இடையூறு என்று நாம் பல மேடைகளில் பேசுகிறோம். பேசுவதில் நியாயமும் உண்டு. ஆனால் பெண்களோடு சேர்ந்து பார்த்தால் சில உண்மைகள் புலப்படும். 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய 'எதிர்நீச்சல்' தொடரில் படித்த மருமகள்களை வேலைக்கு அனுப்ப மறுக்கும் ஆதி குணசேகரன் என்ற பாத்திரத்தில் மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, மாலைதோறும் அவரைத் திட்டித் தீர்த்த பெண்கள் உறவினரை இழந்தது போல் வருந்தினார்கள். பகைவனை நேசிக்கும் பாடத்தை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று நாம் வியந்தோம். அத்தொடரைப் பற்றி மீன் கூடை சுமக்கும் ஒரு சகோதரி சொன்ன சொல் இது: "இவளுவ வேலைக்குப் போவ அனுமதி கேக்குறாளுவ. எங்களுக்கு ஒரு நாள் போவாம இருக்க யாரு சாமி அனுமதி தாரா?" தொடர் எழுதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் நூறு பகுதிகள் எழுதியிருப்பார்கள்; கரைப் பெண்ணும் ஒரு நாள் திரைக்கு வந்திருப்பாள்.

அண்மைக் காலத்தில் நம்மை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சிக்கு இயக்குநரும் இல்லை, கதையும் இல்லை. யூடியூபில் 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' ஆகிய அலைவரிசைகளை மீனவ இளைஞர்களே நடத்துகிறார்கள். படகிலேயே படம் பிடித்து, வலை வளைப்பதையும் மீனின் பெயரையும் சமையலையும் தங்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். வலை வெறுமையாக வருவதும் அதில் உண்டு. பெரிய மீன் அகப்பட்டால் கொஞ்சம் கூச்சல் அதிகம், விளம்பரமும் உண்டு. இருந்தாலும், "இது நம்மளப் பத்தித்தானா?" என்று எவரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நம் இல்லங்களில் பிள்ளைகள் படித்து, பொறியாளராகவும் செவிலியராகவும் வெளியேறுகிறார்கள். அது நாம் வேண்டிப் பெற்ற வரம். ஆனால் தந்தையின் தொழிலை அவர்கள் எங்கிருந்து அறிகிறார்கள்? கடத்தல்காரனும் குடிகாரனும் பிணமும் மட்டுமே திரையில் வந்தால், படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் எழுதும்போது பேனா தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். அங்கியை எவர் எப்படிக் காட்டினார் என்று கொதிப்பதைவிட, இத்தயக்கத்தைக் குறித்து நாம் கவலைப்படுவது நல்லது.

பங்கு இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கடலில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சடக்கி முத்துப்பாருக்கு இறங்கியவர்கள், மேலே கயிற்றைப் பிடித்து நின்றவர்கள், இவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். எவ்வளவு நேரம் கீழே இருந்தார்கள், காது எப்படி வலித்தது, அள்ளிய சிப்பியில் தம் பங்கு எத்தனை, அதை யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்று கேட்க எந்தப் படநிறுவனமும் வரவேண்டியதில்லை. உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. தாத்தா திண்ணையில் இருக்கிறார். அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் போய் உட்காருங்கள். விலையைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.