கதவைத் தட்டிய அதிகாரி

திருப்பதியில் நம் அண்டை வீட்டுத் தமிழ்ப் பிள்ளை, பத்தொன்பது வயதினன், திருட்டில் சிக்கினான். நன்னடத்தை அதிகாரி விசாரிக்க வந்தபோது, போலீஸ் என்றெண்ணி நாமே கதவைச் சாத்தச் சொன்னோம்! அன்னைக்குத் தெலுங்கு வராது. மொழிபெயர்க்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று. அவனது தீய சகவாசத்தை மறைக்கலாமா என நம் நா தயங்கிற்று. உள்ளதையே உரைத்தோம்.

21 வயது நிரம்பாதவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்குமுன், அவ்வதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டுமென்கிறது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தோடு இருந்த நாளிலேயே, 1936ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இம்முறைக்கு வழி கோலியதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிள்ளை நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்து வீடு திரும்பினான். அவ்வதிகாரியே பட்டறையொன்றில் வேலை தேடித் தந்தார். மாதந்தோறும் வந்து பார்க்கிறார். அன்னை காபி கொண்டுவருவாள், அவர் தொடுவதில்லை. விதிமுறையாம்.