கார்டு மாத்தணும்மா!

“அம்மா, கார்டு மாத்தணும்.”

தையல் மெஷினில் குனிந்திருந்த நான், ரேஷன் கார்டைத்தான் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். “ஏன், பேரு தப்பா இருக்கா?” என்று கேட்டேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை. விலை 30,000 ரூபாய்!

இது நடந்தது 2025 மே மாதம். எங்கள் ஊர் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று சுற்றி நிற்கும் பாறை மலைகள், பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க ஊருக்குள் திருப்பிக் கொடுக்கும். அந்தப் புழுக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டான். காரணம், அப்போதுதான் அவன் அப்பா சிங்கப்பூரிலிருந்து ‘வருவார்’.

என் கணவர் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. முன்பெல்லாம் போனில் அப்பாவும் மகனும் பேசுவதைக் கேட்டால் எனக்கே பாவமாக இருக்கும். “சாப்டியா தம்பி?” “சாப்டேம்ப்பா.” “படிக்கிறியா?” “ம்…” மூன்றாவது கேள்வி இருவருக்குமே கிடைக்காது. போன் என் கைக்கு வந்துவிடும்.

பிறகுதான் ‘இட் டேக்ஸ் டூ’ என்ற விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் வந்தது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் விளையாடவே முடியும். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் போதும், மற்றவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். அவர் ரூம்காரர் ஒருவரிடம் பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். அங்கே ராத்திரி 9 மணி, இங்கே 6.30. “தம்பி, நீ ஆணியை அடி, நான் தொங்கிக்கிட்டு வரேன்!” என்று அவர் கத்துவதும், இவன் விழுந்து விழுந்து சிரிப்பதும் அடுக்களை வரை கேட்கும். நடுநடுவே காலேஜ், சிநேகிதர்கள், சாம்பாரில் உப்பு என்று எல்லாக் கதையும் ஓடும்.

அந்த விளையாட்டுதான் இப்போது திக்கித் திக்கி ஓடியது. முக்கியமான இடத்தில் படம் உறைந்து நிற்கும். அப்பா பள்ளத்தில் விழுவார். குரல் அறுந்து அறுந்து வரும். “கார்டு பழசாயிடுச்சும்மா” என்றான்.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. முதிர்கிற நேரம் அது. ஆனால், அவர் வெளிநாடு போக வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. மாதம் 30,000 அடைத்து வருகிறோம். கடன் தீர்ந்த மறுமாதமே ஊருக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. அப்படியென்றால் ஒரு கார்டு என்பது அவர் அங்கே இன்னும் ஒரு மாதம் இருப்பது. இந்தக் கணக்கு மகனுக்குத் தெரியாது. பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்று நாங்கள் சொன்னதில்லை.

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் தொழில் புத்திதான் கைகொடுத்தது. நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, புது மெஷின் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம், முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள் என்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். அதனால், “கார்டுதான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “ராஜகிரி உச்சிக்குப் போற வழியில ஒரு பாலம் வருமேம்மா…” என்று ஆரம்பித்தான். ஆழமான பிளவின் மேல் போட்ட சின்னப் பாலம் அது. கீழே எத்தனை ஆயிரம் வீரர்கள் வந்தாலும், அங்கே சிலர் சிலராகத்தான் கடக்க வேண்டும். அடிவாரத்துப் படிகளை அகலமாக்கி என்ன பிரயோஜனம்? கம்ப்யூட்டரிலும் எங்கேயோ அப்படி ஒரு குறுகல் இருக்கும். அது கார்டாக இருக்கலாம், பிராசஸராக இருக்கலாம், மெமரியாகவும் இருக்கலாமாம்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விளையாட்டின் செட்டிங்ஸில் படத்தின் அளவை 1080-லிருந்து 720-க்குக் குறைக்க வேண்டும். கார்டுக்கு வேலை குறையும். உடனே ஓட்டம் சீரானால் குறுகல் கார்டில் இருக்கிறது. அப்படியும் திக்கினால் கோளாறு வேறெங்கோ. குறைத்துப் பார்த்தான். அதே திக்கல்!

டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். 8 ஜி.பி. மெமரியில் 7.6 நிரம்பியிருந்தது. விளையாட்டு, அப்பாவின் அழைப்பு, பின்னால் மூடாமல் விட்ட ஒரு டஜன் பக்கங்கள். அந்த விளையாட்டுக்கு 16 ஜி.பி. இருந்தால் நல்லது என்று அதைத் தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு 8 ஜி.பி. மெமரி வாங்கிச் செருகினோம். 1,800 ரூபாய். ஒன்றுக்கு இரண்டாக ஜோடி சேரும்போது வேகமும் கொஞ்சம் கூடுமாம்.

அதற்காகப் பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கார்டின் விசிறி முழுக்கப் பஞ்சு! தையலும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில். சூடு ஏறினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றான். குற்றவாளிகளில் நானும் ஒருத்தி. பிரஷ் வைத்து நானே துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு முறைகூட விழவில்லை. சரி, தன் கவனக்குறைவால் இரண்டு முறை விழுந்தார்.

கதை அதோடு முடியவில்லை. “இது சரியாயிடுச்சும்மா. ஆனா புது கேம் சிலது நம்ம கார்டுல தொடங்கவே தொடங்காது” என்றான். அதுவும் உண்மைதான். எங்களுடையது 2019-ல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650. ஒளி விழுவதையும் பிரதிபலிப்பதையும் கணக்கிடும் ‘ரே டிரேசிங்’ வசதி அதில் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு அந்த வசதியுள்ள கார்டு கட்டாயம் வேண்டும்.

அன்று ராத்திரி கடன் நோட்டை எடுத்து அவன் முன் வைத்தேன். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு அடைத்தோம், இன்னும் எத்தனை மாதம் என்று எல்லாமே அதில் இருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தான். “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று மட்டும் கேட்டான். 19 வயதுப் பிள்ளையைக் குழந்தையாகவே வைத்திருந்தது நான்தான் என்று அப்போது உறைத்தது.

மறுநாள் பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘கார்டு எப்போ மாத்தணும்?’ என்று தலைப்பு. ஒன்று, ஆசைப்படுகிற விளையாட்டு தொடங்கவே மறுத்தால், அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்றாகச் சேர்ந்தால். இரண்டு, படத்தின் தரத்தைக் குறைத்தும் சீராக ஓடாமல், குறுகல் கார்டில்தான் என்று சோதனையில் தெரிந்தால். மூன்று, முழுச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு. எங்கள் பழைய கார்டு 75 வாட்டில் ஓடுகிறது. அவன் கேட்ட ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு 115 வாட் வேண்டும். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருப்பது நல்லது என்கிறது கம்பெனி. எங்களிடம் இருப்பதோ பெயர் தெரியாத 400 வாட். ஆக, 30,000 என்பது 30,000-த்தோடு நிற்காது. மானிட்டரும் நொடிக்கு 60 படம் காட்டுகிற ரகம். அதற்கு மேல் கார்டு எத்தனை வரைந்தாலும் திரையில் அத்தனையும் தெரியப்போவதில்லை.

நான்காவது, அவசரப்படக் கூடாது என்பது. அது எங்கள் அனுபவம். 2021-ல் ஆன்லைன் வகுப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டது மறுபக்கம் என்று கார்டு விலை எங்கேயோ இருந்தது. கார்டே இல்லாமல் வாங்கினோம். மெல்ல விலை இறங்கியது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் நாணயம் கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியது. அந்த டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், மூன்று வருட வாரன்டியோடு இந்தக் கார்டை நிதானமாக வாங்கி வந்தோம். ஒன்றரை வருடம் பொறுத்ததில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆர்.டி. பணம் ஜூனில் கடனுக்குப் போனது. ஜூலையில் எங்கள் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சேதியை அப்பாவுக்கு முதலில் சொன்னவன் மகன்தான். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னான். கூடவே, “ஒரு மாசம் குறைஞ்சிடுச்சுப்பா” என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்த முறை அது நெட் கோளாறு இல்லை.

தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. கீழே பென்சிலால் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: ‘அப்பா வந்த பிறகு.’

அன்றைக்கு அவன் கேட்க வேண்டாம். நானே வாங்கித் தருவேன்.