போத்தலோடு போகும் சாப்பாட்டுக்கடைகள்

மெல்பேண் நகரின் கொலின்ஸ் வீதியில் 109ம் இலக்கத் திறாமில் ஏறினால், அது எங்களை விக்ரோறியா வீதியில் கொண்டுவந்து இறக்கும். நோர்த் றிச்மண்ட் புகையிரதப் பாலத்தின் கீழால் போனதும் இரண்டு பக்கமும் வியட்நாமியர்களின் கடைகள். மீன்கடை, மரக்கறிக்கடை, பாண் கடை, அவற்றுக்கு நடுவே வரிசையாகச் சாப்பாட்டுக்கடைகள். 1975 இல் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்த சனங்கள் கட்டியெழுப்பிய வீதி இது. பக்கத்தில் நிற்கும் அரசாங்க அடுக்குமாடிகளில் குடியிருந்துகொண்டு, தொழிற்சாலைகளில் வேலைசெய்து சேர்த்த காசில் பலர் கடை போட்டார்கள். படகில் வந்த எங்களுக்கு இந்த வீதியில் நடக்கும்போது மனதுக்கு ஒரு தென்பு வரும்.

இந்தக் கடைகள் சிலவற்றின் கதவில் பி.வை.ஓ. என்று மூன்று எழுத்து ஒட்டியிருக்கும். 'குடிவகையை நீங்களே கொண்டு வாருங்கள்' என்பதுதான் அதன் பொருள். வெளியே போத்தல் கடையில் வைன் வாங்கி, மண்ணிறக் கடதாசிப் பையில் சுற்றிக்கொண்டு உள்ளே போகலாம். கடைக்காரர் கோபிக்கமாட்டார். கிளாசும் தருவார், போத்தலையும் திறந்து தருவார். அதற்கு ஒரு சிறு காசு எடுப்பார்கள். அதைக் கோர்க்கேஜ் என்பார்கள். சில இடத்தில் போத்தலுக்கு இவ்வளவு, சில இடத்தில் ஆளுக்கு இவ்வளவு, சில இடத்தில் ஒன்றுமில்லை. இருக்க முதலே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதை இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

ஊரில் தவறணைக்குப் போனால் கள்ளு அவர்களுடையது. கடிக்கிற பொரியலோ சுட்ட மீனோ கொண்டுபோவது எங்கள் ஆட்களின் வேலை. இங்கே அது தலைகீழ். சாப்பாடு அவர்களுடையது, போத்தல் எங்களுடையது.

இந்த வழக்கம் எப்படி வந்தது? 1916 இல், முதலாம் உலக யுத்த காலத்தில், மதுச்சாலைகளை மாலை 6 மணிக்குப் பூட்டவேண்டும் என்று விக்ரோறியாவில் சட்டம் போட்டார்கள். வேலை முடிவது 5 மணிக்கு, கடை பூட்டுவது 6 மணிக்கு. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் எவ்வளவு குடிக்கலாமோ அவ்வளவையும் ஊற்றிக்கொண்டு தள்ளாடி வீட்டுக்குப் போனார்கள் தொழிலாளர்கள். குடியைக் குறைக்க வந்த சட்டம் அவசரக் குடியைத்தான் வளர்த்தது. 1966 வரை, ஐம்பது வருடம் இப்படியே போனது.

அந்தக் காலத்தில் இத்தாலியரும் கிரேக்கரும் இந்த நகரில் சின்னச் சின்னச் சாப்பாட்டுக்கடைகள் திறந்தார்கள். அவர்களுக்கு வைன் இல்லாத சாப்பாடு, எங்களுக்குக் குழம்பு இல்லாத சோறு மாதிரி. ஆனால் மதுபான லைசென்ஸ் எடுப்பது சிறிய கடைக்காரருக்கு எட்டாத காரியம். கோப்பிக் கோப்பையில் ஊற்றி ஒளித்துக் கொடுத்த கதைகளைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1960களில் சட்டம் தளர்ந்தபோது, விற்க லைசென்ஸ் இல்லாத கடையிலும் வாடிக்கையாளர் தன் போத்தலைக் கொண்டுவந்து குடிக்க அனுமதி கிடைத்தது. பி.வை.ஓ. மெல்பேணில் வேரூன்றியது அப்படித்தான். 1987 இல் வந்த புதுச் சட்டம் லைசென்ஸ் எடுப்பதை இலகுவாக்கியது. இப்போது அனேக கடைகள் தாங்களே வைன் விற்கின்றன. போத்தல் கொண்டுபோகக்கூடிய கடைகள் குறைந்துவிட்டன. சில இடத்தில் திங்கள், செவ்வாய் போன்ற சனம் குறைந்த நாட்களில் மட்டும் விடுவார்கள்.

எங்களைப் போன்ற தொழிற்சாலை வேலைக்காரருக்கு இது சேமிப்புத்தான். கடையில் வாங்கும் போத்தலை உள்ளே அவர்களிடம் வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேலும் போகும். ஆனால் எதையும் கொண்டுபோகலாம் என்றில்லை. பெரும்பாலும் வைன் மட்டும்தான், சில இடத்தில் பியரும் விடுவார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிரியமான விஸ்கிப் போத்தலுக்கு அங்கே இடமில்லை! பெட்டியில் வரும் மலிவு வைனையும் சிலர் விடுவதில்லை. அதுவும் இந்த நாட்டுக் கண்டுபிடிப்புத்தான். 1965 இல் தென் அவுஸ்திரேலியாவின் தோமஸ் அங்கோவ் என்ற வைன் தயாரிப்பாளர் கொண்டுவந்தது.

மற்ற முறைகளும் கொஞ்சம் சொல்லவேண்டும். வாசலில் நின்று, இடம் காட்டிய பிறகு இருக்கவேண்டும். மது விற்கும் லைசென்ஸ் உள்ள இடத்தில் குடிதண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரிப்ஸ் கட்டாயமில்லை, விரும்பினால் வைக்கலாம். ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் சில கடைகள் பில்லில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து கூட்டுவார்கள். மெனுவில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பில் வந்ததும் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 'நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே' என்று சட்டைப்பையைப் பிடித்து இழுபடுகிற எங்கள் வழக்கம் இங்கே இல்லை. முதலில் இது மனதுக்கு ஒட்டாது. ஆனால் மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். நத்தார் விடுமுறைக்கு முன்னர் வேலைத்தலங்களில் பெயர் கேட்டு ஒரு தாள் சுற்றிவரும். வியட்நாமியர், ஆப்கானியர், பிலிப்பினோக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரும் எழுதுவார்கள். எங்களில் பலர் எழுதுவதில்லை. ஆங்கிலம் போதாது, முள்ளும் கத்தியும் பழக்கமில்லை, குடிப்பதில்லை, காசில்லை என்று ஆயிரம் காரணம். வருடம் முழுவதும் ஒரே இயந்திரத்தில் பக்கத்தில் நின்றவன் மேசையில் மட்டும் இல்லை என்றால், எங்களைப் பற்றி மற்றவர்களுக்கு என்ன தெரியவரும்? குடிக்காதவர் ஒரு தோடம்பழச் சாற்றோடு இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆப்கான் சகோதரர்கள் அப்படித்தான் இருந்து சிரித்துப் பேசிவிட்டு வருகிறார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கார் ஓட்டுபவரின் இரத்தத்தில் மது 0.05 ஐ எட்டக்கூடாது. பி எழுத்து லைசென்ஸ்காரருக்கு அது பூச்சியம். 1976 இலிருந்து விக்ரோறியாப் பொலிசார் நினைத்த இடத்தில் மறித்து ஊதச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனுக்குப் போவது அபராதமும் லைசென்சும். எங்களுக்குப் போகக்கூடியது அதைவிடப் பெரியது. 2012 இலும் 2013 இலும் படகில் வந்து, இன்னும் பிறிட்ஜிங் விசா ஈ இல் தொங்கிக்கொண்டிருப்பவர் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த விசாக்காரர் மீது குற்றச்சாட்டு ஒன்று பதிந்தாலே, தீர்ப்பு வர முன்பே விசாவை இரத்துச்செய்ய 2013 இல் வந்த விதிகள் இடம் கொடுக்கின்றன. இரண்டு கிளாஸ் வைனுக்காகத் தடுப்பு முகாம் வாசலைத் திரும்பப் பார்க்க வேண்டுமா? ஐந்து பேர் போனால் ஒருவர் குடிக்காமல் ஓட்டட்டும். இல்லையென்றால் திறாமும் ரயிலும் இருக்கின்றன.

இன்னொன்றும் எங்களுக்குப் படுகிறது. எங்கள் கொண்டாட்டங்களில் ஆண்கள் கராஜுக்குள் போத்தலோடும், பெண்கள் குசினிக்குள் சட்டியோடும், பிள்ளைகள் ரெலிபோனோடும் இருக்கிறார்கள். அந்த வியட்நாமியக் கடைகளில் பாட்டியிலிருந்து பேரன்வரை ஒரு வட்ட மேசையில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு போத்தல், அதை எல்லோரும் காண்கிறார்கள். ஒளிக்கிறபோது ஒரு போத்தல் மூன்றாகும். மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தால் ஒன்றே மிஞ்சும். மிஞ்சியதை மூடி வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

மாதத்தில் ஒருமுறை வேண்டாம், வருடத்தில் இரண்டு முறையாவது குடும்பத்தோடு வெளிக்கிடுங்கள். கிழமை முழுவதும் வேலைக்கும் போய்ச் சமைக்கவும் செய்கிற பெண்களுக்கு அன்றைக்கு ஒருநாளாவது யாராவது சோறு கொண்டுவந்து வைக்கட்டும். வேலைத்தலத்தில் அடுத்தமுறை அந்தத் தாள் வரும்போது, உங்கள் பெயரையும் எழுதிவிட்டு, திரும்பி வரும்போது கார் ஓட்டப்போவது யார் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.