ப்ளெய்டா, சஃபையரா? ஒரு விநாடிக் கணக்கு

நீளமான இழை மக்களே. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. இன்னைக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. கார்.

எலெக்ட்ரிக் செடான் கார்களை ரெண்டு ரெண்டா நிறுத்தி கால் மைல் ஓடவிடுற வீடியோக்களை நான் விரும்பிப் பார்ப்பேன். நைட் டியூட்டி முடிஞ்சு தூக்கம் வராத காலை நேரத்துக்கு அது நல்லா இருக்கும். பத்து விநாடியில் முடிஞ்சிரும், யாருக்கும் தையல் போட வேண்டியதில்ல.

அந்த உலகத்துல பெரிய சண்டை ரெண்டு கார்களுக்கு நடுவுல. டெஸ்லா மாடல் எஸ் ப்ளெய்டு: 3 மோட்டார், 1020 குதிரைத்திறன், கால் மைலுக்கு 9.23 விநாடி. லூசிட் ஏர் சஃபையர்: அதுலயும் 3 மோட்டார், 1234 குதிரைத்திறன், 8.95 விநாடி. இதெல்லாம் கம்பெனிகளே சொல்ற எண்கள். கோட்டைத் தாண்டும்போது ரெண்டுமே 250 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி இருக்கும். வித்தியாசம் 0.28 விநாடி. நாம கண்ணிமைக்கும் நேரம்னு சொல்றோமே, நிஜமாவே அவ்வளவுதான்.

போன மாசம் எலும்பு முறிவு வார்டுல ஒரு தம்பி. வயசு 22, பைக்ல விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கான். காலுக்கு வெயிட் கட்டித் தொங்குது, கையில போன். அதே வீடியோ. "சார், லூசிடுதான் ஜெயிக்கும்னு பக்கத்து பெட்டுக்காரன் சொல்லுதான். ப்ளெய்டுதான சார்?"

"உனக்குள்ள நாளைக்கு ராடு வைக்கப் போறாங்க டே, அதைக் கவலைப்படு"ன்னு சொல்லிட்டு, பத்து நிமிஷம் நின்னு பதிலும் சொன்னேன். அவன்கிட்ட சொன்னதையும், சொல்லாம விட்டதையும் இங்க எழுதுறேன்.

முதல்ல, இந்தக் கார்கள் ஏன் இப்படிப் பாயுதுன்னு. பெட்ரோல் இன்ஜின் முழு இழுவையைக் கொடுக்கணும்னா முதல்ல அது வேகமா சுத்தணும், அப்புறம் கியர் மாறணும். மின்மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. நின்ன இடத்துலயே முழு இழுவை. ப்ளெய்டுக்கும் சஃபையருக்கும் மாத்துறதுக்குக் கியரே இல்ல. போர்ஷே டைகான் பின்சக்கரத்துக்கு ரெண்டு கியர் வச்சிருக்கு. அதோட டர்போ ஜிடி, வைசாக் பேக்கேஜோட, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 2.2 விநாடிதான் எடுக்கும்.

அடுத்தது, அந்த எண்களை எப்படி எடுக்கிறாங்கன்னு. இது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 60 மைல் வரைதான் அளப்பாங்க. அது 96.6 கிலோமீட்டர், 100 இல்ல. அதுலயும் கார் முதல் ஒரு அடி நகர்ற நேரத்தைக் கழிச்சிருவாங்க. அந்த ஒரு அடிக்குக் கிட்டத்தட்ட கால் விநாடி போயிடும். டெஸ்லா சொல்ற 1.99 விநாடி இப்படிக் கழிச்ச கணக்கு. 2021ல் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை ப்ளெய்டைச் சோதிச்சப்போ, பசை பூசின பந்தயத் தடத்துல 1.98 விநாடி வந்துச்சு. அதே கார் சாதாரணத் தரையில 2.07. பசைக்கே இவ்வளவு வித்தியாசம்னா, மணல் பறக்கிற நம்ம பைபாஸ்ல என்ன வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பேட்டரி எவ்வளவு சார்ஜ்ல இருக்கு, எவ்வளவு சூடா இருக்குங்கிறதும் சேரும். ப்ளெய்டுல டிராக் ஸ்ட்ரிப் மோடுன்னு ஒண்ணு உண்டு. அதைப் போட்டுட்டு பேட்டரி தயாராகுற வரை பல நிமிஷம் காத்திருக்கணும். (ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரிதான், கத்தி வைக்கிறது கொஞ்ச நேரம், தயார் பண்றது நெடுநேரம்.) என்னைக் கேட்டா ஒரு ஓட்டத்தைவிட திரும்பத் திரும்ப ஓடுறதுதான் பெரிய விஷயம். 2019ல் போர்ஷே, டைகானை ஒரு விமான ஓடுதளத்துல 0லிருந்து 200 கிலோமீட்டருக்கு 26 தடவை தொடர்ந்து பாயவிட்டுக் காட்டினாங்க. எனக்குப் பிடிச்ச சோதனை அது.

ஆக, பசை, டயர், சூடு, கழிச்ச ஒரு அடி இதெல்லாம் சேர்ந்தா அந்த 0.28 விநாடி எந்தப் பக்கமும் சாயலாம். தம்பிக்கு இது வரைக்கும் சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்ல. "அப்ப யாரு சார் ஜெயிப்பா?" சஃபையர்னு சொல்லிட்டு ரவுண்ட்ஸைத் தொடர்ந்தேன்.

இனி டாக்டரா பேசுறேன்.

நம்ம உள்காதுல யூட்ரிகிள்னு ஒரு சின்னப் பை. அதுக்குள்ள கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒரு மெத்தை மேல உக்காந்திருக்கு. கார் பாயும்போது படிகம் பின்தங்கும், மெத்தை வளையும், மூளை "வேகம் கூடுது"ன்னு புரிஞ்சுக்கும். 2.2 விநாடியில் 100ன்னா, புவியீர்ப்பைவிட அதிகமான விசை முதுகைத் தள்ளுது. வயிறு காலியாகுற அந்த உணர்வு அங்கேருந்துதான் வருது. ஆனா இந்தக் கருவிக்கு ஒரு குணம்: வேகம் மாறினாத்தான் அதுக்குத் தெரியும். 140ல் சீராப் போய்க்கிட்டிருந்தா, காதைப் பொறுத்தவரை நீங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கீங்க. பெட்ரோல் காராவது கத்திக் காட்டிக்கொடுக்கும். இது சத்தமும் போடாது.

பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச அரிசி மண்டி அண்ணாச்சி ஒருத்தர், மகன் கேட்டான்னு பிஒய்டி சீல் வாங்கலாம்னு இருக்கார். 2024 மார்ச்ல இந்தியாவுக்கு வந்த கார். அதுல உயர்ந்த மாடல் 530 குதிரைத்திறன், 100ஐத் தொட 3.8 விநாடி. "டாக்டர் தம்பி, பையன் மூணு புள்ளி எட்டு, மூணு புள்ளி எட்டுங்கான். அது நல்லதா கெட்டதா வே?"

அவருக்காகப் போட்ட கணக்கு இது. பார்க்கிங்ல பிரேக்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுட்டீங்க. சுதாரிச்சு காலை எடுக்க ஒரு விநாடி ஆகும்னு வைப்போம். சராசரியா பார்த்தா,

100ஐத் தொட 12 விநாடி எடுக்கிற சாதாரணக் கார் அந்த ஒரு விநாடியில ஒரு மீட்டர் சொச்சம் நகரும், வேகம் 8 கிலோமீட்டர். பம்பர் நசுங்கும், ரெண்டு திட்டு விழும்.

3.8 விநாடி கார் மூணரை மீட்டர் தாண்டியிருக்கும், வேகம் 26.

2.2 விநாடி கார் ஆறு மீட்டர் தாண்டி 45ல் இருக்கும்.

மோதலோட ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல கூடும். 8க்கும் 26க்கும் நடுவுல பத்து மடங்கு. இதுல சீல் 2 டன்னுக்கு மேல எடை, அது வேற. முன்னால நிக்கிறது கேட்டைத் திறக்க வந்த பாட்டியா இருந்தா, முதல் கணக்குல முழங்கால் சிராய்ப்பு. ரெண்டாவது கணக்குல இடுப்பெலும்போ தலையோ, எங்க வார்டுக்கு வரும்.

நான் மட்டும் பயப்படல. சியோமி கம்பெனி 1548 குதிரைத்திறன் எஸ்யு7 அல்ட்ராவை வித்துட்டு, 2025 மே மாசம் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல அதைச் சுமார் 900க்குக் குறைச்சாங்க. பந்தயத் தடத்துல ஓட்டித் தேறினவங்களுக்குத்தான் முழு சக்தின்னாங்க. வாங்கினவங்க கொந்தளிக்க, வாபஸ். அதே வருஷம் நவம்பர்ல சீன அரசு ஒரு வரைவு விதி கொண்டுவந்துச்சு: கார் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும், 100ஐத் தொட 5 விநாடிக்குக் குறையாத நிலையிலதான் இருக்கணும். அதுக்கு மேல வேணும்னா ஓட்டுறவங்களே மாத்திக்கணும். ஜப்பான்ல 2028 செப்டம்பர்லேருந்து புது ஆட்டோமேட்டிக் கார்கள்ல பெடல் மாத்தி மிதிச்சா தடுக்கிற வசதி கட்டாயம். நம்ம ஊர்ல எட்டு போட்டு வாங்கின அதே லைசென்ஸ்தான் பழைய மாருதிக்கும் 530 குதிரைக்கும்.

நிறுத்துறது இன்னொரு கதை. ஓட்டுறவர் பார்த்து, புரிஞ்சு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடின்னு வச்சா, 100ல் நல்ல டயர், காஞ்ச ரோட்டுல மொத்தம் சுமார் 90 மீட்டர். 150ல் சுமார் 170 மீட்டர். இதுல மோட்டாருக்கு எத்தனை குதிரைங்கிறதே வராது. ப்ளெய்டோட உச்சவேகம் வேணும்னா டெஸ்லாவே தனிக்காசு வாங்கிக்கிட்டு வேற பிரேக் மாட்டிவிடும், பார்த்துக்கோங்க. தூத்துக்குடி நாலுவழிச்சாலையில வல்லநாடு பக்கம் ராத்திரி வந்தவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெளிமான் சரணாலயம், எதிர்த்திசையில வாழைத்தார் ஏத்தின லோடு ஆட்டோ, அதுல பின்லைட் இருக்காது. 170 மீட்டர் தூரத்துல அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தா இருங்காட்டுக்கோட்டையில தடம் இருக்கு. சோழவரம் பழைய ஓடுதளத்துக்குப் பிறகு, முப்பது வருஷத்துக்கு மேல அங்க பந்தயம் நடக்குது. தேசிய பைக் டிராக் பந்தயமே நடந்திருக்கு. ஹெல்மெட், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும். எதிர்ல வாழைத்தார் வராது.

ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா: 108. கழுத்தைத் திருப்பித் தூக்கி ஆட்டோவுல போடாதீங்க, மூச்சு இருக்கா, ரத்தம் கொட்டுதான்னு மட்டும் பாருங்க. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேரம் சிகிச்சைக்குக் காசு இல்ல. திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். பணத்தை நெனச்சு நேரத்தை விடாதீங்க.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது: கார் வாங்குங்க, நல்ல கார்தான். அதுலயே ஒரே மோட்டார் மாடல் 100க்கு 6 விநாடி பக்கம் எடுக்கும், அது போதும். உயர்ந்த மாடலேதான்னா, முதல் மூணு மாசம் ஈகோ மோடு. வீட்டு கேட்டுக்குள்ள நீங்களே ஓட்டுங்க. மொதல்ல ஒரு காலி மைதானத்துல பையனை ஃபுல் பிரேக் அடிச்சுப் பழகச் சொல்லுங்க, பாய்ச்சல் அப்புறம்.

"ஒரே மோட்டாருக்கு விலை எவ்வளவு குறையும்?"னு மட்டும் கேட்டார். லட்சக்கணக்குலன்னு சொன்னேன். அன்னைக்கே ஷோரூமுக்குப் போன் போட்டுட்டார்.