எஞ்சிய மாத்திரைகள்

என் தாய்மாமா மறைந்து ஓராண்டு நிறைவுறுகிறது. அவருடைய இறுதி நாள்களில் நான் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த அவருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை வெற்றி என்றார்கள், மகிழ்ந்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியோடு இருந்தவருக்கு எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் கிருமித்தொற்று. அசினெட்டோபேக்டர் என்னும் அந்தப் பாக்டீரியா மருத்துவமனையிலேயே தொற்றியது. வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் எவையும் பயன் தரவில்லை. எஞ்சியிருந்தது கொலிஸ்டின் என்னும் பழைய மருந்து. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என மருத்துவர் எச்சரித்தார்.

பிறகு கேட்டார்: “அண்மையில் இவர் நுண்ணுயிர்க்கொல்லி ஏதும் உட்கொண்டாரா?”

நான் வாயடைத்து நின்றேன். அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன் மாமாவுக்குச் சளி பிடித்திருந்தது. என் மூத்த மகனுக்குக் கிளினிக்கில் கொடுத்தவற்றுள் எஞ்சிய மாத்திரைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “டீச்சர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும்,” என்று சிரித்தபடி விழுங்கினார்.

உண்மையைச் சொன்னேன். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. அம்மாத்திரைகளால்தான் இது நேர்ந்தது என்று கூற முடியாது என்றார். இக்கிருமி கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் பல நாள்கள் உயிரோடிருந்து, கைகள் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது. ஆயினும், தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் வலுவற்ற கிருமிகளை அழித்து, மருந்துக்கு அடங்காதவை பெருக இடம் விடுகிறது என்று விளக்கினார். சளிக்குப் பெரும்பாலும் வைரஸே காரணம். அதனிடம் அம்மருந்து செல்லாது.

இருபத்து மூன்றாம் நாள் மாமா காலமானார்.

பின்னர்த் தேடிப் படித்தேன். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், போதிய அளவின்றி உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிக வலிய மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 மரபணு கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் கண்டது. கடலும் இவற்றுக்குத் தடையன்று. 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் நேரடியாக மாண்டதாகக் கணிக்கப்பட்டுள்ளது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை நம் நாடு அதே 2019இல் தடை செய்தது. மாமாவுக்கு இறுதியாக அளிக்கப்பட்ட மருந்தைக் கோழிகளுக்கும் கொடுத்திருக்கிறோம்!

பெற்றோர்களே, தேர்வு நெருங்குகிறது என்பதற்காக “வலுவான மருந்து கொடுங்கள்” என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். மருத்துவர் கொடுத்ததை அவர் சொன்னபடி உட்கொள்ளச் செய்யுங்கள், பிறருக்குப் பகிராதீர்கள். நோயாளியைக் காணச் செல்லும்போது, உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கைகளைத் தூய்மை செய்யுங்கள்.

ஆசிரியர்களே, கை கழுவும் பழக்கத்தை நலக்கல்விப் பாடத்தோடு நிறுத்திவிட வேண்டாம். என் வகுப்பில் உணவு வேளைக்கு முன் இருபது வரை எண்ணிக்கொண்டே மாணவர்கள் கை கழுவுகிறார்கள். அவர்களுள் ஒருவர் நாளை தாதியாகலாம், மருத்துவராகலாம்.

வீட்டு அலமாரியில் மிஞ்சியிருந்த மாத்திரைகள் அனைத்தையும் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டேன். நீங்களும் இன்று உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள்.