மாத்திரை டப்பாவும் மரக்கட்டையும்

இந்த வார இறுதியில் டூட்டி இல்லை. அதனால ஒரு நீண்ட த்ரெட். மருத்துவம் கொஞ்சம்தான், மரவேலைதான் அதிகம். பொறுத்துக்கோங்க.

ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் சின்ன டப்பா ஒன்றை வெளியில எங்கேயாவது ஒளிச்சு வச்சு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போடுவார். மத்தவங்க ஜிபிஎஸ் வச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கணும். 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதைக் கொண்டாட டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளிச்சு வச்சார். விளையாட்டு அங்கே ஆரம்பிச்சது.

நான் வேலை பார்க்கிற இங்கிலாந்தில் இதுக்கு ரசிகர்கள் அதிகம். என் 9 வயசு மகளும் அதில் ஒருத்தி. தேடித் தேடி அலுத்து, இப்போ ஒளிச்சு வைக்கிற பக்கம் வந்துட்டா. பார்த்தா மரக்கட்டை மாதிரியே இருக்கணுமாம். சரின்னேன். உடனே ஓடிப்போய் காலியான வைட்டமின் மாத்திரை டப்பா ஒன்றைத் தூக்கிட்டு வந்தா. "இதுதான்பா சரி. மூடி செம டைட். மழைத்தண்ணி போகாது."

வேண்டாம்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல, முகம் சுருங்கிடுச்சு.

முதல் காரணத்தை நிரூபிக்கிறது சுலபம். டப்பாவுக்குள்ள டிஷ்யூ பேப்பரை வச்சு மூடி, ராத்திரி முழுக்க ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வச்சோம். காலையில டிஷ்யூ கூழ். அழுத்தித் திருப்புற அந்த மூடி குழந்தை திறக்கக் கூடாதுன்னு செஞ்சது, தண்ணீரைத் தடுக்க இல்லை. குழந்தையையும் முழுசா தடுக்காது. சோதனையில் 100-க்கு 80 குழந்தைகளால் திறக்க முடியலைன்னாலே அந்த மூடி பாஸ். மீதி 20 பேர் திறந்துடலாம். அதனாலதான் மாத்திரையை உயரத்தில் வைங்கன்னு நாங்க கத்திக்கிட்டே இருக்கோம்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ஒரு ராத்திரி 2 வயசுப் பையனைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. கலர் பாட்டிலில் ஊத்தி அடுப்புக்குப் பக்கத்தில் வச்சிருந்திருக்காங்க. வர்ற வழியில் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி வேற எடுக்க வச்சுட்டாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் யாரும் செய்யாதீங்க. மண்ணெண்ணெய் ரொம்ப நீர்த்த எண்ணெய். வாந்தி வரும்போது சுலபமா நுரையீரலுக்குள்ள இறங்கும், உள்ளே புண்ணாக்கும். எதுவும் கொடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். பையன் 4 நாள் ஆக்சிஜனில் இருந்தான். பிழைச்சு நடந்துதான் வீட்டுக்குப் போனான். அவன் அம்மா அந்த 4 நாளும் சொன்னது ஒண்ணுதான்: "கலர்னு நினைச்சுட்டான் சார்."

காட்டில் ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து பொம்மையும் ஸ்டிக்கரும் எடுக்கிற குழந்தை, நாளைக்குத் தாத்தாவோட டப்பாவிலும் அதைத்தானே தேடும்?

பாப்பா ஒண்ணும் பேசலை. டப்பாவைக் குப்பையில் போட்டுட்டு வந்து, "அப்போ எதுல செய்யலாம்?"னா.

லேப்களில் பயன்படுத்துற 50 மில்லி பிளாஸ்டிக் டியூப் புதுசாவே ஆன்லைனில் கிடைக்குது. திருகு மூடி. அதே வாளிப் பரீட்சையில் டிஷ்யூ காய்ஞ்சே இருந்துச்சு. கீழே விழுந்து கிடந்த கிளையில் ஒரு துண்டை அறுத்து, வெட்டுமுகத்தில் துளை போட்டோம். டியூபோட விட்டம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். நான் புத்திசாலித்தனமா கச்சிதமா துளைச்சேன். மழையில் கட்டை ஊதி, டியூபைக் கவ்விக்கிச்சு. இடுக்கி போட்டு இழுத்ததில் மூடி உடைஞ்சதுதான் மிச்சம். அடுத்த கட்டைக்கு 35 மில்லிமீட்டர் துளை. மூடி மேல மரப்பட்டைத் துண்டை எப்பாக்ஸி பசையால் ஒட்டினோம். தாளோட பென்சில்தான் வச்சோம், ஈரம் பட்டா பேனா மை பரவிடும். அவளுக்குக் கோலிக்குண்டு போடணும். தொண்டையில் சிக்கும்னேன். "எல்லாத்துக்கும் நோ சொல்றீங்கப்பா." கடைசியில் ஸ்டிக்கரில் சமாதானம் ஆச்சு.

டியூப் மேல பெரிய எழுத்தில் இது ஜியோகேச்னு எழுதியே ஆகணும்னும் சொன்னேன். 2011-ல் இங்கே வெதர்பி ஊரில் ஒருத்தர் ஒளிச்சு வச்ச சின்ன டப்பாவை வெடிகுண்டுன்னு சந்தேகப்பட்டு, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்க வச்சாங்க. கறுப்பு டேப் சுத்தின குழாய், ஒயர் தொங்குற பெட்டி இதெல்லாம் வேஷமே இல்லை, வம்பு.

நிலத்துக்காரர்கிட்ட அனுமதி கேட்டு, ஓக் மரத்தடியில் மண்ணைத் தோண்டாம வச்சுட்டு வந்தோம்.

மூணு வாரம் கழிச்சுப் போய்ப் பார்த்தோம். தாள் காய்ஞ்சே இருந்துச்சு. பென்சிலில் 4 பெயர். ஒண்ணு கோணல்மாணலா, ஒரு எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருந்துச்சு. 5 வயசு இருக்கும்னு பாப்பா கணிச்சா. திரும்பி நடக்கும்போது கேட்டா: "அந்தப் பையன் இப்போ என்னப்பா பண்றான்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலேஜ் படிக்கிற வயசு ஆகியிருக்கும் அவனுக்கு.