சல்லடையும் லிட்டர் எடையும்

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மாடியில் அமர்ந்து, சென்ற மாதம் முழுவதும் ஒரு சிறு கட்டளையை இயற்றிக்கொண்டிருந்தேன். பலர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த எங்கள் நிரல்தொகுப்பில், 'சமர்ப்பி' என்னும் ஒரே பொத்தான் பதினோரு இடங்களில் பதினோரு ரூபங்களில் கிடந்தது. எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவைத்த பொத்தானை விடுத்துத் தனியே ஒன்றைச் செய்துகொண்ட இடங்களையெல்லாம், கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் சுட்டிக்காட்டுவதே அக்கட்டளையின் வேலை.

இவ்வகைப் பரிசோதனைக் கருவிகளுக்கு முன்னோடி, பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் ஜான்சன் 1978ஆம் ஆண்டு சி மொழி நிரல்களுக்காக எழுதிய 'லிண்ட்'. துணியில் ஒட்டிக்கிடக்கும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல் அது. நூற்பாலைகள் மலிந்த தேனிச் சீமையில் பிறந்தவனுக்கு அப்பெயரின் பொருத்தத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் என் மனம் பஞ்சில் தங்காமல் ஏலக்காயிடமே சென்றது.

என் அத்தை ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். மலையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கிவரும் காய், முதலில் வட்டக் கண் சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரியும்; பின்னர் வரிசையாக அமர்ந்த பெண்களின் மடிமுறங்களில், வெடித்ததும் வெளுத்ததும் ஒவ்வொன்றாக விலகும். பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் அமர்ந்து, பெரிய காய்களாகத் தேடி எடுத்து நான் குவித்துவைத்தபோது, அவற்றில் ஒன்றைப் பிளந்து காட்டினார். "பெருசா இருந்தா ஆச்சாடா? உள்ள அரிசியே இல்ல பாரு," என்றார். கறுத்துத் திரண்டிருக்க வேண்டிய விதைகளின் ஸ்தானத்தில் உலர்ந்த தோலும் வெற்றிடமுமே இருந்தன. அக்மார்க் பிரமாணத்தில் 7 மில்லிமீட்டர்க் காயான 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்' லிட்டருக்கு 435 கிராமாவது நிறுக்க வேண்டுமென்று விதித்திருப்பதன் காரணம், அன்று என் உள்ளங்கையில் பிரத்தியட்சமாயிற்று: சல்லடையை ஏமாற்றிய காய் தராசை ஏமாற்ற முடியாது.

என் கட்டளையின் முதல் வடிவம் வெறும் சல்லடையே. பெயரை மட்டும் ஒப்பிட்டதால், பொதுப் பொத்தானின் பெயரையே சூடிக்கொண்டு உள்ளே வேறு நிறமும் வேறு நடத்தையும் கொண்ட போலிகள் மூன்று தடையின்றிக் கடந்துவிட்டன. பெயர் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது, என்னென்ன பண்புகளை ஏற்கிறது என்பவற்றையும் ஆராயும்படி அதைத் திருத்த ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தைப்போல் நிறைவு தந்த நாட்கள் சமீபத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

அத்தையிடம் ஒரு சிறு தட்டும் இருக்கும். ஐயத்துக்குரிய காய்களை அதில் ஒதுக்கிவைத்து, மாலையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்ப்பார். என் கட்டளையிலும் அப்படியொரு தட்டு வைத்தேன்: காரணத்தை எழுதிவைத்தால் ஒரு பொத்தான் விலக்குப் பெறலாம். இதுவரை அதில் விழுந்திருப்பது ஒரே ஒரு பொத்தான். அளவில் மற்றவற்றைப்போல் இரு மடங்கு. அதைச் செய்த நண்பர் அதன்மேல் எழுதியிருந்த வரி: 'பார்வை மங்கிய முதியோர் தொடும் பக்கம் இது.'